ஃபேன்டசி ஹாக்கி லீக்கின் விதிகள் உருவான விதம்

ஃபேன்டசி ஹாக்கி லீக் என்பது, பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுசேர்ந்து, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.லில், ஆடும் உண்மையான ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, அவர்கள் களத்தில் சேர்க்கும் கோல்களையும் பிற கணக்குகளையும் வைத்து ஒருவரோடொருவர் போட்டியிடும் விளையாட்டாகும். இங்கே ஹாக்கி என்பது பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கியைக் குறிக்கிறது. ஒரு லீக்குக்குள் ஓர் ஆட்டக்காரர் ஒருவருடைய அணியில் மட்டுமே இருக்க முடியும். கானர் மெக்டேவிட் உங்கள் அணியில் இருந்தால், அவர் எட்மன்டன் அணிக்காக அடிக்கும் ஒவ்வொரு கோலும் உங்கள் கணக்கில் சேரும்; மற்ற பதினொரு பேருக்கும் அவர் கிடைக்க மாட்டார்.

இதுவரை எளிது. புதிதாகச் சேர்பவர் திணறுவது, லீக் நிர்வாகி அனுப்பும் விதித்தொகுப்பைத் திறக்கும்போதுதான். கோல்கீப்பர்கள் வாரத்துக்கு இத்தனை ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும், இந்த ஆட்டக்காரரைத் தடுப்பாட்டக்காரராகவும் நிறுத்தலாம், இந்தத் தேதிக்குப் பின் பரிமாற்றம் இல்லை என்று காரணம் கூறாத கட்டளைகள் அதில் வரிசையாக நிற்கும். அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, அவை எப்படி வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. ஏறத்தாழ ஒவ்வொரு விதிக்கும் பின்னால், யாரோ ஒருவர் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்ட ஓர் ஓட்டையோ, உண்மையான ஹாக்கியில் நேர்ந்த ஒரு மாற்றமோ இருக்கிறது.

எங்கே தொடங்கியது

இந்த வகை விளையாட்டு ஹாக்கியில் பிறந்ததன்று. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த வில்பிரட் விங்கன்பாக் என்பவர் 1950களில் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து இத்தகைய போட்டி ஒன்றை அமைத்தார். பின்னர் 1962இல் அமெரிக்கக் கால்பந்தை வைத்து நண்பர்களுடன் ஒரு லீக்கைத் திட்டமிட்டார். 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்னும் பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்து ஆடத் தொடங்கினர். அவர்கள் கூடிப் பேசிய உணவகத்தின் பெயரிலிருந்து அந்த முறைக்கு ரோட்டிசரி என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் பரவலாக எழுதியதால், மற்ற விளையாட்டுகளின் ரசிகர்களும் அந்த அச்சில் தங்கள் லீக்குகளை வார்த்துக்கொண்டனர்.

கனடாவில் இதற்கு இணையாக இன்னொரு வழக்கம் இருந்தது. அலுவலகங்களிலும் நண்பர் குழுக்களிலும் ஆளுக்குச் சிறிது பணம் போட்டு, சில ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, சீசன் முடிவில் யாருடைய ஆட்டக்காரர்கள் அதிகப் புள்ளி சேர்த்தார்களோ அவர் மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்ளும் ஹாக்கி பூல் அது. இதில் விதி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. கோலுக்கு ஒரு புள்ளி, கோல் விழ உதவிய சக ஆட்டக்காரருக்குத் தரப்படும் அசிஸ்டுக்கு ஒரு புள்ளி. என்.எச்.எல். தன் ஆட்டக்காரர்களுக்குக் கணக்கிடும் முறையும் அதுவே என்பதால், செய்தித்தாளில் வெளியாகும் பட்டியலைப் பார்த்துக் கூட்டிக்கொண்டால் போதும். கூட்டுவதற்கு ஒருவர் வாரந்தோறும் உட்கார வேண்டியிருந்ததே அன்றைய பெரிய சிக்கல். கணக்கு எளிமையாக இருந்ததற்கு ஆட்டத்தைப் பற்றிய கொள்கை எதுவும் காரணமன்று, கையால் கூட்டுபவரின் களைப்புதான் காரணம்.

அந்த எளிய முறையைத் தனியாளாக உடைத்தவர் வெயின் கிரெட்ஸ்கி என்னும் என்.எச்.எல். ஆட்டக்காரர். 1982-83 சீசனில் அவர் 71 கோல்களும் 125 அசிஸ்டுகளுமாக 196 புள்ளிகள் எடுத்தார். இரண்டாம் இடத்தில் இருந்த பீட்டர் ஸ்டாஸ்ட்னி எடுத்தவை 124. கிரெட்ஸ்கி அந்த ஆண்டு ஒரு கோலும் அடிக்காமல் இருந்திருந்தாலும், அசிஸ்டுகளை மட்டும் வைத்தே முதலிடம் பெற்றிருப்பார். 1985-86இல் 163 அசிஸ்டுகளும் 52 கோல்களுமாக 215 புள்ளிகள் எடுத்தார். அது இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. இப்படி ஒருவர் இருக்கும்போது, முதல் தேர்வு யாருக்குக் கிடைக்கிறதோ அவரே வெற்றியாளர் என்பது சீட்டுக் குலுக்கும்போதே முடிவாகிவிடும். அதனால் பல பூல்கள் அவரை இரண்டு ஆட்டக்காரர்களாகப் பிரித்தன: கிரெட்ஸ்கியின் கோல்கள் ஒருவருக்கு, கிரெட்ஸ்கியின் அசிஸ்டுகள் வேறொருவருக்கு. ஒரே ஒரு மனிதருக்காக எழுதப்பட்ட இந்த விதிதான் இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையான ஆட்டத்தில் செய்ய முடியாத ஒன்றை, காகிதத்தில் ஒரு கோடு கிழித்துச் செய்துவிட்டார்கள்.

வெற்றியைக் கணக்கிடும் மூன்று வழிகள்

இன்று லீக்குகள் மூன்று முறைகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. முதலாவது பழைய பூலின் வாரிசான புள்ளி முறை. இதில் ஒவ்வொரு செயலுக்கும் லீக் ஒரு மதிப்பை நிர்ணயிக்கும். உதாரணத்துக்கு, கோலுக்கு 3, அசிஸ்டுக்கு 2, கோலை நோக்கிய ஒவ்வோர் அடிக்கும் அரைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பதே உங்கள் மதிப்பெண்.

இரண்டாவது ரோட்டிசரி. இதில் கோல், அசிஸ்ட், பவர் பிளே புள்ளி (எதிரணி தண்டனையால் ஆள் குறைந்திருக்கும்போது எடுத்த புள்ளி) என்று ஒவ்வொரு வகையிலும் அணிகள் தனித்தனியாக வரிசைப்படுத்தப்படும். பன்னிரண்டு பேர் கொண்ட லீக்கில், கோல்களில் முதலிடம் பெற்றவருக்கு 12, கடைசி இடத்தவருக்கு 1. இப்படி எல்லா வகைகளிலும் பெற்றதைக் கூட்டி, சீசன் முழுவதற்கும் ஒரே தரவரிசை வரும். ஒரு வகையில் மற்றவர்களைவிட நூறு கோல் கூடுதலாக வைத்திருந்தாலும் 12க்கு மேல் கிடைக்காது என்பதால், ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு சமாளிப்பது இதில் நடக்காது. கிரெட்ஸ்கியைப் பிரித்துத் தீர்க்க முயன்ற சிக்கலை, இந்த முறை கணக்கிடும் விதத்தாலேயே பெருமளவு தீர்த்துவிடுகிறது.

மூன்றாவது நேருக்கு நேர் முறை. ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு ஓர் எதிராளி. பத்து வகைகள் இருந்தால், ஆறில் நீங்களும் நான்கில் அவரும் முந்தியிருந்தால், அந்த வாரத்தை நீங்கள் 6-4 என்று வென்றதாகக் கொள்ளப்படும். சீசனின் இறுதி வாரங்களில் முன்னணி அணிகளுக்கிடையே நாக்அவுட் சுற்று நடக்கும். மூன்றிலும் இதுவே மிகுந்த பரபரப்பானது. மிகுந்த அநியாயமானதும் இதுவே. ஐந்து மாதம் முன்னணியில் இருந்தவர், ஒரே ஒரு மோசமான வாரத்தில் வெளியேறிவிடலாம். நீண்ட காலம் ஆடியவர்களில் பலர் ரோட்டிசரியே நேர்மையான அளவுகோல் என்பார்கள். ஆனாலும் வாரந்தோறும் தோற்கடிக்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை, இணைய லீக்குகளில் நேருக்கு நேர் முறையைப் பெருக்கிவிட்டது.

எதை எண்ணுவது என்ற நீண்ட சண்டை

விதிகள் அதிகம் மாறியிருப்பது இந்தப் பகுதியில்தான். என்.எச்.எல். எதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்கிறதோ, அதைத்தான் ஃபேன்டசி லீக் எண்ண முடியும். 1967-68 சீசனிலிருந்து பிளஸ்-மைனஸ் பதிவில் இடம்பெற்றது. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது அவருடைய அணி கோல் அடித்தால் ஒன்று கூடும், எதிரணி அடித்தால் ஒன்று குறையும். தண்டனையால் ஆள் குறைந்த எதிரணிக்கு எதிராக, ஆள் மிகுந்திருக்கும் பவர் பிளே நேரத்தில் அடித்த கோல் மட்டும் இந்தக் கணக்கில் வராது. தடுப்பாட்டக்காரர்களை அளக்க வேறு எண் இல்லாத காலத்தில் லீக்குகள் இதை விரும்பி ஏற்றன. ஆனால் இது ஆட்டக்காரரைவிட அவரோடு களத்தில் நிற்கும் மற்றவர்களையே அதிகம் அளக்கிறது. மோசமான அணியில் ஆடும் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆண்டு முழுவதும் மைனஸில் கிடப்பார். பல லீக்குகள் இதை நீக்கிவிட்டன; இன்னும் வைத்திருக்கும் லீக்குகளில், பழக்கம் என்பதைத் தவிர வேறு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதைவிட விசித்திரமானது தண்டனை நிமிடங்கள். விதிமீறலுக்காகத் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்த நேரம், உண்மையான அணிக்குக் கேடு. ஆனால் பழைய ஃபேன்டசி லீக்குகளில் அது மதிப்பெண் தரும் வகையாக இருந்தது. முரட்டு ஆட்டக்காரர்களுக்கும் ஏதாவது மதிப்பு இருக்க வேண்டும், அதை அளக்கக் கையில் இருந்த எண் அது ஒன்றே என்பதே காரணம். விளைவாக, ஆண்டுக்கு ஐந்து கோல்கூட அடிக்காமல் சண்டைக்கென்றே களமிறங்கும் ஒருவரை, வாரத்தின் கடைசி நாளில் அவசரமாக அணியில் சேர்த்து அந்த ஒரு வகையை வெல்வது ஒரு தந்திரமாகவே வளர்ந்தது.

1997-98 சீசன் முதல், உடலால் மோதும் ஹிட்களையும், எதிரணியின் அடியை உடலால் மறிக்கும் பிளாக்குகளையும் என்.எச்.எல். முழுவதும் ஆட்டம் நடக்கும்போதே பதிவு செய்யத் தொடங்கினர். பின்வந்த ஆண்டுகளில் சண்டைகளும் குறைந்துவந்தன. இவை இரண்டும் சேர்ந்து, தண்டனை நிமிடங்களின் இடத்தை ஹிட்களும் பிளாக்குகளும் பிடிக்க வழிசெய்தன. ஹிட், பிளாக் இரண்டுக்கும் முழு இடம் தரும் லீக்குகளைப் பேங்கர்ஸ் (bangers, அதாவது மோதுபவர்கள்) லீக் என்பார்கள். அத்தகைய லீக்கில், கோல் பட்டியலில் எங்கும் தென்படாத ஒரு முரட்டு விங்கர், அதாவது பக்கவாட்டு முன்வரிசை ஆட்டக்காரர், எழுபது புள்ளி எடுக்கும் நளினமான ஆட்டக்காரருக்குச் சமமாக மதிக்கப்படலாம். ஆகவே, பொதுவான தரவரிசைப் பட்டியல் எதையும் நம்புவதற்கு முன், உங்கள் லீக் எவற்றை எண்ணுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஹிட் ஒன்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: எது ஹிட் என்பதை ஆட்டம் நடக்கும் அரங்கில் இருக்கும் பதிவாளர் முடிவு செய்கிறார், ஓர் அரங்கில் தாராளமாகவும் இன்னொன்றில் கஞ்சத்தனமாகவும் எண்ணுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு.

கோல்கீப்பர் என்னும் தலைவலி

ஃபேன்டசி அணி ஒன்றில் பொதுவாக இரண்டு சென்டர் (நடு முன்வரிசை ஆட்டக்காரர்), இரண்டு இடது விங், இரண்டு வலது விங், நான்கு தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல்கீப்பர், கணக்கில் சேராத சில மாற்று இடங்கள் என்று அமைப்பு இருக்கும். வெறும் இரண்டு பேரான கோல்கீப்பர்கள், நேருக்கு நேர் லீக்கில் ஏறத்தாழ பாதி வகைகளைத் தீர்மானிப்பார்கள்: வெற்றி, சேவ் (தடுத்த அடி), சேவ் சதவீதம், ஆட்டத்துக்குச் சராசரியாக விட்ட கோல், ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்).

இங்கே பிறந்த ஓட்டை எல்லா லீக்கிலும் ஒரே மாதிரியானது. வாரத்தின் முதல் நாளில் உங்கள் கோல்கீப்பர் முப்பது அடிகளைத் தடுத்து ஒரு கோலும் விடாமல் ஆடிவிட்டார் என்று கொள்வோம். சேவ் சதவீதமும் விட்ட கோல்களின் சராசரியும் மிகச் சிறந்த நிலையில் இருக்கின்றன. இனி அவரை ஆட விட்டால் அவை மோசமாகத்தான் முடியும். ஆகவே வாரம் முழுவதும் அவரை மாற்று இடத்தில் உட்கார வைத்துவிட்டு, எதிராளி நான்கைந்து ஆட்டங்களில் அடிவாங்குவதை வேடிக்கை பார்க்கலாம். இதை அடைக்கவே, வாரத்துக்குக் குறைந்தது மூன்று ஆட்டங்கள் போன்ற ஒரு வரம்பை லீக்குகள் வைத்தன. அதை எட்டாதவர் கோல்கீப்பர் வகைகள் அனைத்தையும் இழப்பார். ரோட்டிசரி லீக்கில் ஓட்டை நேர் எதிர்த் திசையில் இருந்தது. அங்கே சிலர் அன்றாடம் ஆடவிருக்கும் ஆட்டக்காரர்களாகப் பார்த்து மாற்றி மாற்றிச் சேர்த்து, மற்றவர்களைவிட அதிக ஆட்டங்களைக் கணக்கில் ஏற்றினர். அதனால் ஓர் இடத்துக்குச் சீசனில் 82 ஆட்டங்கள் என்று உச்சவரம்பு வந்தது. என்.எச்.எல். அணி ஒன்று 1995-96 முதல் ஒரு முழு சீசனில் ஆடிவந்த ஆட்டங்களின் எண்ணிக்கை அதுவே.

உண்மையான ஆட்டமும் கோல்கீப்பர் விதிகளைத் தொந்தரவு செய்தபடியே இருந்தது. 2004-05 சீசன், சம்பளத் தகராறில் உரிமையாளர்கள் அரங்குகளைப் பூட்டியதால் முழுமையாக ரத்தானது. 2005-06இல் ஆட்டம் திரும்பியபோது, சமநிலை முடிவு என்பதே நீக்கப்பட்டு, கூடுதல் நேரத்திலும் முடிவு வராவிட்டால், ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்ளும் ஷூட்அவுட் நடக்கும் என்ற விதி வந்தது. இதன்பின் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு கோல்கீப்பருக்கு வெற்றி உறுதி. 32 அணிகள் 82 ஆட்டங்கள் ஆடினால் 1,312 வெற்றிகள் பகிரப்படும். ஷூட்அவுட்டில் அடித்த கோல் ஆட்டக்காரரின் கோல் கணக்கில் சேராது, கோல்கீப்பர் விட்ட கோல்களிலும் சேராது; ஆனால் வெற்றி மட்டும் சேரும். ஷூட்அவுட்டில் தோற்றவரை முழுத் தோல்வியாளராக நடத்துவது சரியில்லை என்று, புள்ளி முறை லீக்குகள் சில, கூடுதல் நேரத் தோல்விக்குத் தனியே சிறு மதிப்புத் தரத் தொடங்கின.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. 2006-07இல் மார்ட்டின் புரோடர் என்னும் கோல்கீப்பர் 78 ஆட்டங்களில் இறங்கி 48 வெற்றிகள் பெற்றார். இன்று அணிகள் இரு கோல்கீப்பர்களுக்கிடையே ஆட்டங்களைப் பகிர்வதால், 60 ஆட்டங்களைத் தாண்டுபவர் மிகச் சிலரே. நிலையாக ஆடும் கோல்கீப்பர்கள் குறையக் குறைய அவர்களுடைய விலை ஏறியது; ஒருவரே நான்கைந்து கோல்கீப்பர்களைப் பதுக்கிவைப்பதைத் தடுக்க, அணிக்கு இத்தனை பேர்தான் என்ற விதியும் பல லீக்குகளில் சேர்ந்தது.

வெற்றி என்ற வகையே எவ்வளவு தற்செயலானது என்பதற்கு 2020 பிப்ரவரி 22 அன்று டொரன்டோவில் நடந்தது நல்ல சான்று. கரோலினா அணியின் இரு கோல்கீப்பர்களும் காயமடைந்ததால், அவசரத் தேவைக்கென அரங்கில் இருந்த 42 வயது டேவிட் ஏயர்ஸ் களமிறங்கினார். தன்னை நோக்கி வந்த பத்து அடிகளில் எட்டைத் தடுத்தார். அணி 6-3 என்று வென்றது. அதிகாரபூர்வப் பதிவில் அந்த வெற்றி அவருக்கே எழுதப்பட்டது. கரோலினாவின் முதன்மைக் கோல்கீப்பரை நிறுத்தியிருந்த ஃபேன்டசி மேலாளர்களுக்கு எஞ்சியது காயச்செய்தி மட்டும்.

ஆட்டக்காரரைப் பெறுவதும் மாற்றுவதும்

சீசனுக்கு முன் நடக்கும் டிராஃப்டில் ஆட்டக்காரர்கள் பங்கிடப்படுகிறார்கள். பெரும்பாலும் பாம்பு போல் வளைந்து திரும்பும் வரிசை பின்பற்றப்படும்: பன்னிரண்டு பேர் இருந்தால், முதலில் தேர்ந்தெடுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு 24ஆவது, கடைசியில் இருப்பவருக்கோ 12ஆவதும் 13ஆவதும் அடுத்தடுத்து வரும். ஏல முறையில் எல்லோருக்கும் சமமான கற்பனைப் பணம் தரப்படுவதால், விலை கொடுக்கத் துணிந்தால் எந்த ஆட்டக்காரரும் எவருக்கும் கிடைக்கலாம். புதியவர்கள் ஏலத்துக்கு அஞ்சுவார்கள். எனக்கு அதுவே கூடுதல் நியாயமாகத் தோன்றுகிறது.

யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டக்காரர்களைச் சீசன் நடுவில் சேர்க்கலாம். ஆரம்பத்தில் முந்துபவருக்கே முதல் உரிமை என்றிருந்தது. அதனால் ஒரு நட்சத்திரம் காயமடைந்த செய்தி வந்த கணத்தில் கணினி முன் இருந்தவரே அவருடைய இடத்துக்கு வரும் மாற்று ஆட்டக்காரரைப் பிடித்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பாதகம். கைவிடப்பட்ட ஆட்டக்காரர் ஓரிரு நாள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பார், விரும்புபவர்கள் விண்ணப்பிக்கலாம், முன்னுரிமை வரிசைப்படியோ மூடிய ஏலத்திலோ அவர் வழங்கப்படுவார் என்னும் வெய்வர் விதி இதற்கு மருந்தாக வந்தது. வாரத்துக்கு இத்தனை மாற்றங்கள் மட்டுமே என்ற வரம்பும், நாள்தோறும் ஆளை மாற்றுபவரைக் கட்டுப்படுத்துவதற்கே.

ஆட்டக்காரரின் நிலை பற்றிய விதி சிறியதாகத் தெரிந்தாலும் பெரிய சச்சரவுகளை மூட்டியிருக்கிறது. தடுப்பாட்டக்காரர்கள் பொதுவாகக் குறைவாகவே கோல் அடிப்பார்கள். ஆகவே கோல் அடிக்கும் தடுப்பாட்டக்காரர் தங்கத்துக்குச் சமம். அப்போது சான் ஹோசே அணியில் ஆடிய பிரென்ட் பர்ன்ஸ் தடுப்பாட்டக்காரராக அறியப்பட்டவர். 2013-14இல் முன்வரிசையில் ஆடினார். மறு சீசனில் பழைய நிலைக்குத் திரும்பி, 2016-17இல் 29 கோல்களுடன் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை வென்றார். இத்தகைய ஒருவர் முன்வரிசையில் ஆடும் ஆண்டில் அவரைத் தடுப்பாட்டக்காரர் இடத்தில் நிறுத்த முடிந்தால், அது எவ்வளவு பெரிய சலுகை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நிலையில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்கள் ஆடிய பின்பே அந்தத் தகுதி சேரும், சேர்ந்த தகுதி சீசன் நடுவில் பறிக்கப்படாது என்று லீக்குகள் எழுதிவைப்பது இதனால்தான்.

காயப்பட்டியல் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காயமுற்றவரை அங்கே வைத்து, மாற்றாக ஒருவரைச் சேர்க்கலாம். என்.எச்.எல். அணிகள் காயத்தை ‘உடலின் மேற்பகுதி’, ‘உடலின் கீழ்ப்பகுதி’ என்பதற்கு மேல் விளக்குவது அரிது என்பதால், எத்தனை வாரம் காத்திருப்பது என்று கணிப்பது உங்கள் பாடு. 2020-21இல் பெருந்தொற்றால் சீசன் 56 ஆட்டங்களாகச் சுருங்கி, ஆட்டக்காரர்கள் திடீர் திடீரென்று தனிமைப்படுத்தப்பட்டபோது, பல லீக்குகள் இந்த இடங்களை அதிகரித்தன. சில அவற்றை அப்படியே வைத்துக்கொண்டன.

ஆண்டுதோறும் தொடரும் லீக்குகள்

ஒவ்வோர் ஆண்டும் எல்லா ஆட்டக்காரர்களையும் திரும்ப விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒரு வகை. சிலரை மட்டும் தக்கவைத்துக்கொள்வது கீப்பர் லீக். ஏறத்தாழ அணி முழுவதையும் தக்கவைப்பது டைனஸ்டி லீக். என்.எச்.எல். 2005-06இல் அணிக்கு 3.9 கோடி அமெரிக்க டாலர் என்ற சம்பள உச்சவரம்பை அறிமுகப்படுத்தியபின், ஆட்டக்காரர்களின் உண்மையான சம்பளத்தையே கணக்கில் கொண்டு அணியமைக்கும் லீக்குகளும் பிறந்தன. கணக்கு வழக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது ஓர் இன்பம். மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதே நலம்.

தொடரும் லீக்குகளின் தீராத நோய், வேண்டுமென்றே தோற்பது. கடைசி இடத்தவருக்கு அடுத்த ஆண்டு முதல் தேர்வு என்றால், நடுவில் திணறுவதைவிடத் தரைமட்டமாவது இலாபம். என்.எச்.எல்.லுக்கே இந்த நோய் இருந்ததால், அது 1995 முதல் கீழ்நிலை அணிகளுக்கிடையே குலுக்கல் நடத்துகிறது. ஃபேன்டசி லீக்குகள் அதைக் கடன் வாங்கின. 2024இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை ஹாக்கி லீக் இன்னும் துணிச்சலான வழியைத் தேர்ந்தது: இறுதிச்சுற்று வாய்ப்பை இழந்த பின் ஓர் அணி எவ்வளவு புள்ளிகள் எடுக்கிறதோ, அதை வைத்தே முதல் தேர்வு முடிவாகிறது. தோற்பவருக்கும் வெல்லக் காரணம் கொடுக்கும் இந்த யோசனை, ஃபேன்டசி லீக்குகளுக்குக் குலுக்கலைவிட நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பரிமாற்றங்களில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வாய்ப்பிழந்த ஒருவர் தன் சிறந்த ஆட்டக்காரரை நண்பருக்கு அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டால், போட்டியின் முடிவே மாறிவிடும். அதற்காகவே பரிமாற்றக் கெடுவும், நிர்வாகியின் அல்லது உறுப்பினர்களின் மறுப்புரிமையும் உள்ளன. உறுப்பினர்கள் வாக்களித்து மறுப்பது சனநாயகமாகத் தோன்றினாலும், எதிராளி பலம் பெறுவதை விரும்பாதவர்கள் நியாயமான பரிமாற்றத்தையும் தடுப்பார்கள். நம்பத்தகுந்த ஒரு நிர்வாகியும், சதி வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டுமே மறுப்பு என்ற விதியும் போதும்.

சேர்வதற்கு முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது, விதிகளை மாற்றுவதற்கான விதி. பொறுப்பான லீக்குகள் சீசன் நடுவில் கணக்கீட்டு முறையைத் தொடுவதில்லை. முன்மொழிவுகளைச் சீசன் முடிந்தபின் எடுத்துக்கொண்டு, மூன்றில் இரண்டு பங்கு போன்ற ஒரு பெரும்பான்மையைக் கேட்கின்றன. கீப்பர் லீக்காக இருந்தால் நிறைவேறிய மாற்றம்கூட ஓராண்டு தள்ளியே நடைமுறைக்கு வரும். ஏனெனில் பிளாக்குகளை நம்பி இரண்டு ஆண்டுகளாக அணி சேர்த்தவரிடம், இந்த ஆண்டு முதல் பிளாக் இல்லை என்று ஒரே இரவில் சொல்ல முடியாது.